கையைக் கட்டிக்கொண்டு வந்த விருந்தாளி

“...அதெல்லாம் சரிம்மா, வேலைக்குப் போகலன்றீங்க, சம்பளம் வாங்கலன்றீங்க, நானும் அப்படியே எழுதிக்கிறேன். அப்ப இந்த டிபன் பாக்ஸ்ல இன்னா வெட்டியிருக்கு? நீங்களே படிங்க” என்றார் ஏட்டு.

அலமாரித் தட்டில் கழுவி வைத்திருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை அவருடைய பேனா முனை காட்டிக்கொண்டிருந்தது. தெரேசா வீட்டுக் கூடத்தில், மடியில் காய்கறிக் கூடையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த பாக்ஸில் பேர் வெட்டக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, லைன் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விதான். கொஞ்ச நாளாகவே எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு டெக்னீஷியன் யாரும் நேரில் வருவதில்லை. அவர் அங்கே உட்கார்ந்து போனில் கையை ஆட்டிக் காட்டுகிறார், இவர்கள் இங்கே பார்த்துத் தைக்கிறார்கள். “அக்கா, போன் இல்லாதப்ப நீங்க எப்படி கத்துக்கிட்டீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். “கையைக் கட்டிக்கிட்டு ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க” என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டுதான் சொல்லிக் கொடுத்தார்.

என்னைப் பற்றி ஒரு வரி போதும். நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பெண், எட்டாவது வரை படிப்பு, ஆம்பூரில் கல்யாணம், கத்தரிக்கோலை வைத்து நூல் வெட்டுகிற ஹெல்பராக உள்ளே போய், மிஷினில் உட்கார்ந்து, பிறகு மிஷினை விட்டு எழுந்து நின்று சூப்பர்வைசர் ஆனவள். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டது கம்மி. யார் என்ன சொன்னாலும் அது எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் லைனில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். தைக்கும்போது நூல் அறுந்தால், “எங்க வீட்டுக்காரர் மாதிரி, முக்கியமான நேரத்துல காணோம் பாரு” என்பாள். இப்படிப்பட்ட பேச்சுகள்தான் என் சேமிப்பு.

தெரேசா போர்ச்சுகல் நாட்டுக்காரர். எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிற ஆல்பர்ட்டைப் பயிற்சிக்கு அந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில், ஷூ தைக்கிற லைனில் தெரேசாவைப் பார்த்து, பிடித்துப்போய், அங்கேயே சர்ச்சில் கல்யாணமும் நடந்து, அங்கேயே இருக்கவும் ஆரம்பித்துவிட்டான். அப்புறம் இங்கே அவன் அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

தெரேசாவுக்கு இங்கே இருக்க அனுமதி இருந்தது. வேலை செய்ய இல்லை. இந்தியருடைய மனைவி என்று புருஷனோடு தங்கலாம். வருஷா வருஷம் வேலூருக்குப் போய் நீட்டிப்பு வாங்க வேண்டும். நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி வரும் வரை எந்த வேலையிலும் சேரக் கூடாது. வேலை செய்தார் என்று ஒரு வார்த்தை எழுதப்பட்டால் நீட்டிப்பு கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆல்பர்ட்டால் அம்மாவை விட்டுப் போக முடியாது. ஆக அவர் அங்கே, இவன் இங்கே என்று ஆகிவிடும். அந்த வீட்டில் எல்லோரும் இந்த ஒரு பயத்தோடுதான் சோறு தின்றார்கள்.

ஆல்பர்ட்டின் அம்மா ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே என்னிடம், இழுத்து இழுத்துப் பேசுகிற வாயால் சொன்னார்: “சரோஜா, இந்தப் பொண்ணு என்னை நல்லா பாத்துக்குது. குறை இல்ல. ஆனா காலையில சங்கு ஊதுதில்ல, அந்த நேரத்துக்கு வேலையெல்லாம் போட்டுட்டு வாசல்ல போய் நின்னுக்குது. கம்பெனிக்குப் போற பொண்ணுங்களை ஒவ்வொருத்தியா பாக்குது. டிபன் பாக்ஸைப் பாக்குது. எனக்கு மனசு தாங்கலடி.”

தெரேசாவின் ஊரும் ஷூ ஊர்தானாம். அங்கேயும் சங்கு ஊதினால் தெரு நிறையப் பெண்களாம். சின்ன வயசிலேயே லைனில் உட்கார்ந்தவருக்குக் கை சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் ஜமீல் சாரிடம் போனேன்.

ஜமீல் சார் எங்கள் பர்சனல் மேனேஜர். ஆள் சேர்ப்பது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் கையில். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மேஜை மேல் பால் இல்லாத டீ. யார் எந்தக் காகிதம் நீட்டினாலும் முதலில் ஒருமுறை படிப்பார், டீயை ஒரு வாய் குடிப்பார், மறுபடியும் படிப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரிடமும் முடியாது என்றும் சொல்ல மாட்டார். “பார்க்கலாம் சரோஜாம்மா” என்று சொன்னால் நடக்காது என்று நாங்கள் திரும்பி வந்துவிடுவோம். “கஷ்டம்தான்” என்று சொன்னால் காரியம் முடிந்த மாதிரி. லீவு கேட்கப் போகிற புதுப் பெண்கள் “கஷ்டம்தான்னு சொல்லிட்டார்க்கா” என்று அழுதுகொண்டு வருவார்கள். “போடி, லீவு கிடைச்சாச்சு” என்று நாங்கள் சிரிப்போம்.

நான் தெரேசா விஷயத்தைச் சொன்னதும் டீயைக் குடித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் குடித்தார்.

“கஷ்டம்தான்” என்றார்.

மறுநாளே ஏற்பாடு செய்துவிட்டார். தெரேசா விருந்தாளியாக வரலாம். கேட்டில் விருந்தாளிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலையாள் நம்பர் போட்ட டோக்கன் கிடையாது, சம்பளம் கிடையாது, கேண்டீன் சாப்பாடும் கம்பெனி பஸ்ஸும் கூடக் கிடையாது. எங்கள் லைனுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட வைத்தார். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், பேசலாம். மிஷினையோ, ஊசியையோ, தோலையோ தொடக் கூடாது. தெரேசாவை உட்கார வைத்து, ஆல்பர்ட்டை விட்டு அவர் பாஷையில் ஒவ்வொன்றையும் சொல்ல வைத்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “வாய்க்கு விசா வேணாம் சரோஜாம்மா. கைக்குத்தான் பேஜார். பாத்துக்கோங்க” என்றார்.

அப்படித்தான் தெரேசா தினமும் என்னைப் பார்க்க வருகிற விருந்தாளி ஆனார். வாட்ச்மேன் ஒவ்வொரு நாளும் புத்தகத்தை நீட்டி, யாரைப் பார்க்கணும் என்று கேட்பார். “சரோஜாக்கா” என்று தெரேசா சொல்வார். ஒரு தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. “இன்னாக்கா, சொந்தக்காரங்கன்னா ரெண்டு நாள்ல கிளம்பிடுவாங்க. உன் விருந்தாளி பெட்டியைக் கட்டவே மாட்டேன்றாங்களே” என்று வாட்ச்மேன் என்னைப் பிடித்துக்கொண்டார். “உன் வீட்லயா சோறு போடறே?” என்றேன்.

முதல் வாரம் பெரிய அவஸ்தை. ஒரு பெண் தப்பாகத் தைத்தால் தெரேசாவின் கை தானாக நீளும். கோடு தாண்டும். நான் “மேடம்!” என்று கத்துவேன். திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். ஒரு நாள் அவரே கைகளைப் பின்னால் கொண்டுபோய், ஒரு கைக்குட்டையால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கன்னியம்மா பார்த்துவிட்டு, “ஐயோ பாவம், இன்னா திருடிச்சாம் இது?” என்றாள். லைனே சிரித்தது. தெரேசாவுக்கு அர்த்தம் தெரியாது. சிரிப்பு தெரியும். அவரும் சிரித்தார்.

கையால் காட்ட முடியாததால் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் தமிழ் வந்தது பாருங்கள், ஆறு மாசத்தில்! எங்களுக்கு வந்த எத்தனையோ டெக்னீஷியன்கள் வருஷக்கணக்கில் இருந்து ‘வணக்கம்’ மட்டும் கற்றுக்கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கை இருந்தது. பிடுங்கித் தைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தெரேசாவின் முதல் வார்த்தைகள் ‘மெதுவா’, ‘இழு’, ‘அய்யய்யோ’. எல்லாம் லைனில் கேட்டுப் பழகிய தமிழ். “இன்னா கன்னியம்மா, தூக்கமா? ராத்திரி சீரியலா?” என்று கேட்பார். கன்னியம்மாவே நிமிர்ந்து உட்காருவாள்.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் அவர் என்ன செய்தார் என்று புரியும். மொக்கசின் என்று ஒரு ஷூ. முன்பக்கம் விரல்மேல் வட்டமாகச் சுருக்கு வைத்துக் கையால் தைப்பது. ரெண்டு ஊசி, மெழுகு போட்ட நூல். ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. இழுக்கிற இழுப்பில்தான் சுருக்கு அழகாக விழும். பெரிய ஆர்டர். வாங்குகிறவரின் ஆள் வந்து பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்து, “ஜோடி சேரவில்லை” என்று ஒதுக்கித் தள்ளிவிட்டார். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஷூவும் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. தோலா, நூலா, ஷூவுக்குள் வைக்கிற அச்சுக் கட்டையா என்று மாஸ்டர்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். லைனை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. மதியச் சோறு யாருக்கும் இறங்கவில்லை.

தெரேசா கோட்டோரமாகவே நடந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். பின்னால் கட்டிய கையில் விரல்கள் மட்டும் தைக்கிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“சரோஜாக்கா. இந்த வரிசை, எல்லாம் இடது. அந்த வரிசை, எல்லாம் வலது. ஏன்?”

“வேகமா ஆகும்னு பிரிச்சி குடுத்தோம் மேடம். ஒரே காலைத் தச்சா கை பழகிடும்ல.”

“இவங்க கை வேற. அவங்க கை வேற. இது கன்னியம்மா இழுத்தது, அது மேரி இழுத்தது. ரெண்டு பேரும் ஒரு ஜோடியா? சண்டை வரும்.” தலையை ஆட்டினார். “ஒரு ஆள், ஒரு ஜோடி. பிரிக்காதே.”

அப்படியே மாற்றினோம். ஒரே பெண் இடதும் வலதும் தைத்தாள். ஜோடி சேர்ந்தது. ஆனால் பலமாக இழுக்கிற பெண் ரெண்டையும் பலமாக இழுத்தாள், சுருக்கு கடித்த மாதிரி விழுந்தது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை வாயால் எப்படிச் சொல்வது? தெரேசா ரொம்ப நேரம் தவித்தார். வார்த்தை தேடித் தேடி, கடைசியில் எங்கள் தலையைப் பார்த்தார்.

“பொண்ணு ஸ்கூல் போகுது. காலைல. அம்மா ஜடை போடுறா. ஜாஸ்தி இழுத்தா?”

“கத்தும்” என்றார்கள் எல்லோரும்.

“கம்மியா இழுத்தா?”

“மத்தியானத்துக்குள்ள அவுந்துடும்!”

“அந்த இழுப்பு” என்றார் தெரேசா.

அவ்வளவுதான். லைனில் இருந்த அத்தனை பேரும் தினமும் காலையில் ஜடை போட்டுவிட்டு வருகிறவர்கள். அதற்கப்புறம் எங்களுக்கு மொக்கசின் திரும்பி வந்ததே இல்லை. இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் புதுசாக வருகிற பிள்ளைக்கு ‘ஜடை இழுப்பு’ என்றுதான் சொல்லித் தருகிறார்கள். எங்கிருந்து வந்த பேச்சு என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்ததும் கம்பெனியில் எல்லோருக்கும் பொரி கடலையோடு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். பக்கவாட்டில் பேர், பிரிவு, டோக்கன் நம்பர் எல்லாம் வெட்டியிருந்தது. பெண்கள் தங்கள் தங்கள் பேரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தெரேசா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொருத்தி பாக்ஸையும் “காட்டு, காட்டு” என்று எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை கன்னியம்மா தலைமையில் பஜாருக்குப் போனோம். அதே மாதிரி பாக்ஸ் வாங்கினோம். பேர் வெட்டுகிறவன், “பேரு? பிரிவு? டோக்கன் நம்பர்?” என்று கேட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“நம்பர் வேணாம்ப்பா” என்றேன்.

“ஏன் வேணாம்?” என்று கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். “எல்லா பாக்ஸ்லயும் இருக்கு. அதுல மட்டும் இல்லன்னா, ‘நீ எங்க ஆள் இல்ல’ன்னு நாமளே வெட்டிக் குடுத்த மாதிரி ஆவாதா? நம்ம லைன்ல கடைசி நம்பர் நானூத்திப் பதினொண்ணு. பன்னெண்டு போடுப்பா.”

அவன் மிஷின் கிர்ரென்று வெட்டியது. தெரேசா. தையல் பிரிவு. டோக்கன் 412. பாக்ஸை வாங்கிக்கொண்ட அன்று தெரேசா மணிக்கட்டிலிருந்து கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, நல்ல காரியம் செய்தோம் என்று நானும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன். அந்த பாக்ஸை வைத்தே அவரை நாட்டை விட்டு அனுப்பிவிடலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

அடுத்த நீட்டிப்புக்கான விசாரணைக்குத்தான் வேலூரிலிருந்து அந்த ஏட்டு வந்தார். நடுத்தர வயசு, நிதானமான ஆள். அக்கம்பக்கத்துச் சாட்சி வேண்டும் என்று ஆல்பர்ட் மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த என்னை அப்படியே கூப்பிட்டுக்கொண்டான். தெரேசா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “டூட்டில இருக்கறப்ப பச்சத் தண்ணி கூடக் குடிக்கறதில்லம்மா” என்று ஏட்டு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி. புருஷனோடுதான் இருக்கிறாரா, எங்கேயாவது வேலை செய்கிறாரா, வருமானம் உண்டா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. நான் முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“சார், அது வந்து...” என்று நான் வாயைத் திறந்தேன்.

“நீங்க இருங்கம்மா. அவங்க படிக்கட்டும்.”

தெரேசா எழுந்து போய் பாக்ஸை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் பழகியிருந்தார். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, ஸ்கூல் பிள்ளை மாதிரி, ஒன்றையும் விடாமல் படித்தார். “தெ-ரே-சா. தை-யல் பி-ரி-வு. டோக்-கன் நானூத்திப் பன்னெண்டு.”

“வேலை செய்யாதவங்களுக்கு டோக்கன் எதுக்கும்மா?”

“டோக்கன் இல்ல சார். பாக்ஸ் மட்டும்” என்றார் தெரேசா. “நான் வேலை செய்யல. பாக்கப் போவேன். பேசுவேன். கை வெக்க மாட்டேன்.”

“தமிழ் இவ்ளோ பேசறீங்க. லைன்ல உக்காராமயா வந்துச்சி?”

“கையைக் கட்டிட்டாங்க சார்” என்றார் தெரேசா. பாக்ஸைக் கூடத்திலேயே மாமியார் படுத்திருந்த கட்டில் மேல் வைத்துவிட்டு, ரெண்டு கையும் பழக்கத்தில் தானாகப் பின்னால் போக, அந்த மஞ்சள் கோட்டோரம் நிற்கிற மாதிரியே நின்றார். “அதான் வாய் வளந்துடுச்சி.”

கட்டிலில் இருந்து மாமியார் களுக்கென்று சிரித்துவிட்டார். ஏட்டு சிரிக்கவில்லை. மீசையைப் பேனாவால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த நம்பர் யாருது?”

“யாருதும் இல்ல சார். எங்க லைன்ல கடைசி நம்பருக்கு அடுத்தது. கம்பெனி குடுத்த பாக்ஸ் இல்ல இது, நாங்க வாங்கினது. எல்லாருக்கும் குடுத்தாங்க, இவங்களுக்கு மட்டும் இல்ல. பாத்துக்கிட்டே நின்னாங்க. மனசு கேக்கல.”

“நல்லது பண்றோம்னு ஆளையே கவுத்திருப்பீங்களே” என்றார். “நான் நாளைக்குக் கம்பெனி மஸ்டர் ரிஜிஸ்டர்ல பேரைத் தேடிப் பாப்பேன்.”

“பாருங்க சார். இருக்காது.”

நிஜமாகவே மறுநாள் வந்து பார்த்தார். எங்கள் பிரிவில் நம்பர் நானூற்றுப் பதினொன்றோடு நின்றிருந்தது. ஜமீல் சார் அவரிடம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டி, அவரையும் டீ குடிக்க வைத்து அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், டீ குடித்தார், மறுபடி பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். அடுத்த மாசம் புதுசாகச் சேர்ந்த பெண்ணுக்கு நானூற்றுப் பதிமூன்று கொடுத்தார். அப்புறம் வந்தவளுக்குப் பதினாலு. நடுவில் ஒரு நம்பரை ஏன் விட்டுவிட்டார் என்று ஆபீசில் கேட்டவர்களிடம் “பார்க்கலாம்” என்றார். ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, தெரேசாவுக்கு நிரந்தரமாக இருக்கவும் வேலை செய்யவும் அனுமதி வந்த அன்று, ஜமீல் சார் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்து, துணியால் துடைத்து, அவர் கையில் வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு. தெரேசா மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தபோது, தைத்துக்கொண்டிருந்த அத்தனை கையும் நின்றுவிட்டது. “இன்னா பாக்கறீங்க, வேலையைப் பாருங்க” என்று நான் சத்தம் போட்டேன். எனக்கே கண் தெரியவில்லை.

அதெல்லாம் பின்னால். அந்த மதியம் அந்தக் கூடத்தில் எங்களுக்கு எதுவும் தெரியாது. ஏட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். எழுந்து, கட்டில் மேலிருந்த டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்து ஆல்பர்ட் ஒரு அடி முன்னால் வந்தான்.

ஏட்டு நேரே என்னிடம் வந்தார். என் மடியிலிருந்த கூடையில் கத்தரிக்காயைக் கையால் ஒதுக்கி, அடியில் பாக்ஸை வைத்து, மேலே கத்தரிக்காயை மறுபடி பரப்பினார்.

“நீங்கதானே அக்கம்பக்கம்? இது உங்க வீட்ல இருக்கட்டும். இவங்க டோக்கன் வாங்கற அன்னிக்குக் குடுங்க” என்றார்.

பிறகு முதலில் வேண்டாம் என்று நகர்த்தி வைத்த டம்ளரை எடுத்து, அண்ணாந்து ஒரே மூச்சில் தண்ணீர் முழுவதையும் குடித்தார். காலி டம்ளரை வெளிச்சத்தில் திருப்பி, அதில் யார் பேர் வெட்டியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.